எழுத்துத் தேர்வில் முதலிடம் வந்தாலும் இதுல 25 மார்க் வேணும்: டேராடூன் ராணுவப் பள்ளி நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது எப்படி?

டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் சேர ஆண்டுக்கு இரண்டு முறை நுழைவுத் தேர்வு நடக்கிறது. கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு என மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள், கடைசிக் கட்டமான நேர்முகத் தேர்வை மட்டும் ‘போய்ப் பேசிட்டு வந்தா போதும்’ என்று விட்டுவிடுவது உண்டு. ஆனால், சீட் கை நழுவிப் போக அந்த ஒரு கட்டமே போதும். அதில் என்ன பார்க்கிறார்கள், வீட்டிலேயே எப்படித் தயாராகலாம்? இதோ முழு விவரம்.

ஆர்.ஐ.எம்.சி. என்பது என்ன?

பெயரில் ‘கல்லூரி’ இருந்தாலும் இது 8 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள விடுதிப் பள்ளி. 1922ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி தொடங்கப்பட்டது. பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்குகிறது. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில், அதாவது என்.டி.ஏ.வில் சேர மாணவர்களைத் தயார்படுத்துவதுதான் இதன் முக்கிய வேலை. ராணுவத் தலைமைத் தளபதிகளாக இருந்த ஜெனரல் திம்மையா, ஜெனரல் எஸ். பத்மநாபன் ஆகியோர் இங்கே படித்தவர்கள். நூறு ஆண்டுகளாக ஆண் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துவந்த இந்தப் பள்ளி, 2022 முதல் மாணவிகளையும் சேர்க்கிறது.

யார் விண்ணப்பிக்கலாம்?

சேர்க்கை ஜனவரி, ஜூலை என இரண்டு பருவங்களாக நடக்கும். ஜனவரி பருவத்துக்கான எழுத்துத் தேர்வு முந்தைய ஜூன் மாதத்திலும், ஜூலை பருவத்துக்கானது முந்தைய டிசம்பரிலும் நடப்பது வழக்கம். சேரும் பருவத்தின் முதல் தேதியில் பிள்ளைக்குப் பதினொன்றரை வயது முடிந்திருக்க வேண்டும், 13 வயது நிறைவடைந்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது முடித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தத் தேர்வுக்கான அறிவிப்பை வெளியிடுவது டி.என்.பி.எஸ்.சி. ஒரு பருவத்தில் ஒரு மாநிலத்துக்குக் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

மார்க் கணக்கு எப்படி?

* கணக்கு: 200 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம்
* ஆங்கிலம்: 125 மதிப்பெண், 2 மணி நேரம்
* பொது அறிவு: 75 மதிப்பெண், 1 மணி நேரம்
* நேர்முகத் தேர்வு: 50 மதிப்பெண்

மொத்தம் 450. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை மட்டுமே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். நேர்முகத் தேர்வு உட்பட ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 50 சதவிகிதம் எடுத்தாக வேண்டும். அதாவது, கணக்கில் 200க்கு 190 எடுத்த பிள்ளையாக இருந்தாலும், நேர்முகத் தேர்வில் 25க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. இங்கே அதிகம் வாங்கிய மார்க்கை வைத்து அங்கே விட்டதைச் சரிகட்ட முடியாது.

நேர்முகத் தேர்வில் எதைப் பார்க்கிறார்கள்?

பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை எழுத்துத் தேர்வே காட்டிவிடுகிறது. நேர்முகத் தேர்வில் பார்க்கப்படுவது வேறு: கேள்வியைப் புரிந்துகொள்ளும் திறன், ஆளுமை, தன்னம்பிக்கை.

இதற்குக் காரணமும் இருக்கிறது. பிளஸ் 2 படிக்கும்போது இந்த மாணவர்கள் எழுதப்போவது என்.டி.ஏ. தேர்வு. அதில் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால், எஸ்.எஸ்.பி. எனப்படும் ஆளுமைத் தேர்வுக்கும் அதே 900. பல நாள் நடக்கும் அந்தத் தேர்வில் பேசுவது, குழுவாக வேலை செய்வது, நெருக்கடியில் முடிவெடுப்பது என எல்லாமே கணக்கில் வரும். அதை எதிர்கொள்ளும் அளவுக்கு வளரக்கூடிய பிள்ளையா என்பதற்கான முதல் அறிகுறி, 12 வயதில் நடக்கும் இந்தச் சின்ன உரையாடலில் தெரிந்துவிடும்.

என்ன மாதிரி கேள்விகள் வரும்?

இப்படித்தான் கேட்பார்கள் என்று நிலையான பட்டியல் எதுவும் இல்லை. ஆனால், இந்த வயதுப் பிள்ளைகளுக்கான நேர்முகத் தேர்வில் கேள்விகள் பொதுவாக ஐந்து திசைகளில் இருந்து வரும்.

1. தன்னைப் பற்றி: பெயரின் பொருள், குடும்பம், பிடித்த பாடம், பிடிக்காத பாடம்.

2. ஊரைப் பற்றி: மாவட்டத்தின் சிறப்பு, அருகில் ஓடும் ஆறு, அங்கே விளையும் பயிர், பார்க்க வேண்டிய இடம்.

3. பொழுதுபோக்கு: ‘கிரிக்கெட் பிடிக்கும்’ என்று சொன்னால் அதோடு முடியாது. எந்த இடத்தில் ஃபீல்டிங் செய்வாய், எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று தொடர்ந்து கேட்கலாம்.

4. பள்ளியைப் பற்றி: ஆர்.ஐ.எம்.சி. எங்கே இருக்கிறது, ஏன் இங்கே சேர வேண்டும், முப்படைகளில் எது பிடிக்கும்.

5. சூழல் கேள்விகள்: விடுதியில் நண்பன் தவறு செய்வதைப் பார்த்தால் என்ன செய்வாய், முதல் வாரமே வீட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்வாய்.

மனப்பாடம் ஏன் கைகொடுக்காது?

‘ஏன் ராணுவத்துல சேரணும்?’ என்ற கேள்விக்கு ‘நாட்டுக்குச் சேவை செய்ய’ என்று பதில் சொல்லிக்கொடுப்பது எளிது. பிள்ளையும் கடகடவென்று ஒப்பித்துவிடும். சிக்கல் அடுத்த கேள்வியில்தான் வரும். ‘டாக்டரும் டீச்சரும்கூட சேவைதானே செய்றாங்க, அப்புறம் ஏன் ராணுவம்?’ என்று கேட்டால், ஒப்பித்த பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

அதே கேள்விக்கு, ‘எங்க ஊர்ல வெள்ளம் வந்தப்ப ராணுவத்துக்காரங்க படகுல வந்து பாட்டியைத் தூக்கிட்டுப் போனாங்க, அன்னைக்குத்தான் எனக்கு ஆசை வந்துச்சு’ என்று தன் அனுபவத்தைச் சொல்லும் பிள்ளையிடம் எத்தனை துணைக் கேள்வி கேட்டாலும் பதில் இருக்கும். ஏனென்றால் அது பார்த்தது, படித்தது அல்ல. அப்படிப் பெரிய அனுபவம் எதுவும் இல்லையா? ‘எனக்கு விமானம்னா ரொம்பப் பிடிக்கும், அதை ஓட்டணும்’ என்பதும் நேர்மையான பதில்தான். இல்லாத கதையை மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

தெரியாத கேள்விக்கும் இது பொருந்தும். ‘சாரி சார், எனக்குத் தெரியல’ என்று நிமிர்ந்து சொல்வது, தப்பான பதிலை ஊகித்து அதிலேயே மாட்டிக்கொள்வதைவிட நல்லது.

வீட்டிலேயே எப்படிப் பயிற்சி எடுப்பது?

* தினமும் 15 நிமிடம் போதும். செய்தித்தாளில் ஒரு செய்தியைப் படிக்கச் சொல்லி, ‘என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, நீ என்ன நினைக்கிற?’ என்று மூன்று கேள்வி கேட்கலாம். மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

* பிள்ளை சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் ‘ஏன்?’ என்று இரண்டு முறையாவது கேட்டுப் பழக்கலாம்.

* அப்பா, அம்மா மட்டுமே கேள்வி கேட்டால் பயம் போகாது. பக்கத்து வீட்டு மாமா, ஓய்வுபெற்ற ஆசிரியர், தெரிந்த முன்னாள் ராணுவ வீரர் என அதிகம் பழகாத பெரியவர்கள் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்ல வேண்டும்.

* பேசுவதை மொபைலில் வீடியோ எடுத்துப் பிள்ளையிடமே காட்டலாம். தலை குனிவது, கை நகத்தைக் கடிப்பது, வாக்கியத்தைப் பாதியில் விழுங்குவது எல்லாம் அதற்கே தெரியும். திட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

ஆங்கிலம் சரளமா வராதே?

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இதுதான் பெரிய கவலை. ஆர்.ஐ.எம்.சி.யில் பாடம் நடப்பது ஆங்கிலத்தில். நுழைவுத் தேர்விலும் ஆங்கிலத்துக்குத் தனித் தாள் உண்டு. கணக்கு, பொது அறிவுத் தாள்களையும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் எழுத முடியும். எனவே ஆங்கிலத்தில் பேசிப் பழகுவதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் பெரிய வார்த்தைகள் தேவையில்லை. இலக்கணப் பிழை இல்லாத சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். முதலில் தமிழில் தெளிவாக யோசித்துச் சொல்லப் பழக்கி, பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லவைப்பது சுலபமான வழி. எதைச் சொல்வது என்பதே தெரியாத பிள்ளைக்கு எந்த மொழியிலும் பேச்சு வராது.

பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

போக ஆசைப்படுவது பிள்ளையா, அப்பாவா? சென்னையிலிருந்து டேராடூன் 2,000 கிலோமீட்டருக்கு மேல். நினைத்தவுடன் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரமில்லை. புது மொழி, குளிர், அதிகாலை உடற்பயிற்சி, விடுமுறைக்கு மட்டுமே வீடு என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லி, ‘உனக்குச் சம்மதமா?’ என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். ‘வேண்டாம்’ என்று பிள்ளை சொன்னால், அதற்காகக் கோபப்படாமல் காரணத்தைக் கேட்க வேண்டும்.

விருப்பமில்லாமல் போகும் பிள்ளையின் முகம் நேர்முகத் தேர்வு அறையில் காட்டிக்கொடுத்துவிடலாம். அங்கே தப்பித்தாலும், விடுதியில் கஷ்டப்படப்போவது அந்தப் பிள்ளைதான். விருப்பம் இருந்தால், தன் துணியைத் தானே துவைப்பது, படுக்கையை மடிப்பது, இரண்டு நாள் உறவினர் வீட்டில் தனியாகத் தங்குவது என இப்போதே பழக்கலாம். ‘விடுதியில் எப்படிச் சமாளிப்பாய்?’ என்ற கேள்விக்கு அதுவே உண்மையான பதிலாகவும் ஆகும்.

அன்றைய தினம் கவனிக்க வேண்டியவை

அழைப்புக் கடிதத்தில் கேட்டுள்ள சான்றிதழ்களின் அசல், நகல் இரண்டையும் முந்தைய நாளே எடுத்துவைத்துவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். புது ஷூ கடிக்கும், பழகிய ஷூவே நல்லது. உள்ளே போகும்போது அனுமதி கேட்பது, உட்காரச் சொன்ன பிறகு உட்காருவது, வெளியே வரும்போது நன்றி சொல்வது என அடிப்படை மரியாதை போதும். அறை வாசலில் கடைசி நிமிடக் கேள்வி பதில் வேண்டவே வேண்டாம்.

இடம் கிடைக்கவில்லை என்றால்?

நேர்முகத் தேர்வில் தேறினாலும் தகுதிப் பட்டியலில் இடம்பெற வேண்டும், ராணுவ மருத்துவமனையில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். இடங்கள் மிகக் குறைவு என்பதால் நன்றாகச் செய்த பிள்ளைக்கும் கிடைக்காமல் போகலாம். அதை முன்கூட்டியே வீட்டில் பேசிவைப்பது நல்லது.

இதோடு கதவு மூடிவிடாது. திருப்பூர் மாவட்டம் அமராவதி நகரில் உள்ள சைனிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர, 13 முதல் 15 வயதுக்குள் உள்ளவர்கள் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதலாம். அதில் எழுத்துத் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் மட்டுமே, நேர்முகத் தேர்வு இல்லை. பிளஸ் 2 படிக்கும் எந்தப் பள்ளி மாணவரும், மாணவியும், வயது உள்ளிட்ட தகுதிகள் இருந்தால் என்.டி.ஏ. தேர்வை நேரடியாகவே எழுதலாம்.

தேர்வுத் தேதி, கட்டணம், இடங்களின் எண்ணிக்கை ஆகியவை பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் முன் டி.என்.பி.எஸ்.சி., ஆர்.ஐ.எம்.சி. ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ இணையதளங்களில் வரும் புதிய அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது அவசியம்.