செர்ன் சுரங்கம்: ஏன் இவ்வளவு பெரிது, ஏன் பூமிக்கு அடியில்?

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை ஒட்டி, பிரான்ஸ் எல்லையையும் தாண்டி ஓடுகிறது ஒரு வட்டச் சுரங்கம். சுற்றளவு 27 கிலோமீட்டர். செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் முடுக்கி (அணுவைவிடச் சிறிய துகள்களுக்கு வேகமூட்டும் கருவி) அதற்குள்தான் இருக்கிறது. ஹிக்ஸ் துகள் கண்டுபிடிக்கப்பட்டதாக 2012இல் உலகுக்குச் சொன்னது இந்தச் செர்ன்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? புரோட்டான்கள் (அணுக்கருவில் உள்ள நேர்மின் துகள்கள்) கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில், எதிரெதிர்த் திசைகளில் சுற்றுகின்றன. ஒரே வினாடியில் 11,000 சுற்றுக்கு மேல்! நான்கு இடங்களில் அவற்றை மோதவிட்டு, சிதறுவதைப் பதிவு செய்கிறார்கள்.

அதற்கு 27 கிலோமீட்டர் வேண்டுமா? வேண்டும். வேகமாக வரும் பேருந்தைக் குறுகிய வளைவில் திருப்ப முடியாது. வளைவு அகலமாக இருக்க வேண்டும். புரோட்டானும் அப்படித்தான். அதை வளைப்பதற்கென்றே 1,232 காந்தங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை. காந்தத்தின் பலத்துக்கு ஓர் எல்லை இருப்பதால், ஆற்றலைக் கூட்ட வட்டத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.

காந்தங்களை ஏன் குளிர வைக்கிறார்கள்? அவற்றின் கம்பிகள் மீகடத்திகள் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருள்கள்). அந்த நிலைக்குக் கொண்டுவர, திரவ ஹீலியத்தால் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்கள்.

ஏன் பூமிக்கு அடியில்? மேலே இவ்வளவு நிலம் வாங்குவதைவிடச் சுரங்கம் தோண்டுவது சிக்கனம். மேலே உள்ள பாறை கதிர்வீச்சையும் தடுக்கிறது. நல்ல பாறையை விட்டு விலகாமலிருக்கச் சுரங்கத்தையே சற்றுச் சாய்வாக அமைத்திருக்கிறார்கள். அதனால் ஆழம் ஓரிடத்தில் 50 மீட்டர், இன்னோரிடத்தில் 175 மீட்டர்.

மோதலைப் பதிவு செய்யும் கருவிகளை எப்படி இறக்கினார்கள்? சிஎம்எஸ் என்ற 14,000 டன் கருவியைத் தரைமேல் கட்டி, 15 துண்டுகளாகக் கிணறு போன்ற குழி வழியே இறக்கினார்கள். நடுத்துண்டு மட்டும் ஏறத்தாழ 2,000 டன். குழியின் சுவருக்கும் அதற்கும் இடையே 20 சென்டிமீட்டர்தான் இடைவெளி!

பக்கத்தில் வாழ்பவர்களுக்கு ஆபத்து இல்லையா? சுரங்கத்துக்கு மேலே ஊர்களும் வயல்களும் வழக்கம்போல் இருக்கின்றன. முடுக்கி இயங்கும்போது சுரங்கத்துக்குள் யாரும் போக முடியாது. கதவு திறந்தால் துகள்கற்றை தானாக நிறுத்தப்படும். பழுதுபார்க்க இறங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஹீலியக் கசிவை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும். அதனால் அவசரச் சுவாசக் கருவியை உடன் கொண்டுபோவார்கள்.

நீங்கள் போய்ப் பார்க்கலாமா? தாராளமாக. ஜெனீவா ரயில் நிலையத்திலிருந்து 18ஆம் எண் டிராம் வாசலுக்கே போகிறது. 2023இல் திறக்கப்பட்ட, ரென்சோ பியானோ வடிவமைத்த அறிவியல் காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. சுரங்கத்தை மட்டும் நினைத்தபோதெல்லாம் பார்க்க முடியாது. முடுக்கியை நீண்ட காலம் நிறுத்தும்போதுதான் வாய்ப்பு. வளாகத்தில் இந்தியா 2004இல் அளித்த நடராஜர் சிலை இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு இதில் இடம் உண்டா? உண்டு. இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. அங்கே இயற்பியல் படித்தவர்கள் மட்டும் வேலை செய்வதில்லை. கட்டுமானம், மின்சாரம், குளிரூட்டல், கணினி என எல்லாத் துறைப் பொறியாளர்களும் வேண்டும். கல்லூரியில் படிப்பவர்கள் செர்னின் கோடைக்கால மாணவர் திட்டத்தைப் பற்றி அதன் இணையதளத்தில் பார்த்துத் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.