கோடை லீவும் கொம்பு எழுத்தும்

முழுப்பரீட்சை முடிந்தால் மற்ற வீடுகளில் நிம்மதி. எங்கள் வீட்டில் யோசனை தொடங்கும். ஐந்தாம் வகுப்பு முடித்த என் மகனுக்கு டிஸ்லெக்சியா. பேச்சில் படுசுட்டி, எழுத்தை ஒலியோடு கோக்கத்தான் சிரமம். புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இதுபோன்ற கற்றல் குறைபாடும் உண்டு. சொந்தக்காரர்களிடம் சட்டம் பேசி என்ன பயன்? "லீவுல ட்யூசன் வெச்சாச் சரியாப் போயிரும் கண்ணு" என்பார்கள்.

வைக்கவில்லை. ஆனால் வாசிப்பை அடியோடு விட்டால், ஜூனில் பாதி மறந்திருக்கும். அதனால் தினமும் வெயில் ஏறுமுன் கால்மணி நேரம் மட்டும். தட்டில் ராகி மாவைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவான். கண்ணும் காதும் கையும் சேர்ந்து படிக்கிற இந்த முறையைத்தான் சிறப்பாசிரியர்களும் கையாள்கிறார்கள். 'கெ', 'கே' வந்தால் திணறுவான். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. அவனைக் குறை சொல்ல முடியுமா?

மிச்ச நேரம் அவனுடையது. அப்பாருவோடு, அதாவது தாத்தாவோடு, கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோவான். பெட்டிக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவான். சீட்டு எழுதச் சொன்னால், "நீங்களே எழுதுங்க அப்பாரு" என்று நழுவுவான். ராத்திரி நான் கதை வாசிக்க, அவன் கேட்பான். காதுவழியும் சொல்வளம் வளரும்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். அந்த அலைச்சலுக்கும் லீவுதான் தோது.