பிறர் கண்ணால் காணும் ஆற்றல்: பால்சமோ முதல் தமிழ் மர்மப் புதினம் வரை

முன்னுரை

சிசிலியின் தலைநகரான பலெர்மோவுக்கு வடக்கே, பெல்லெக்ரினோ மலைக்கும் காலோ மலைக்கும் இடையில் அமைந்த கடற்கரைப் பகுதி மொண்டெல்லோ. பெல்லெக்ரினோ மலைமேல் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் உள்ளது. பலெர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள், சைவர், கத்தோலிக்கர் என்னும் வேறுபாடின்றி, அம்மலையேறி வழிபட்டு வருகின்றனர். அதே மலை, ஆழ்மன ஆற்றலைப் பொருளாகக் கொண்ட ஐரோப்பிய மர்மப் புதினம் ஒன்றின் நாயகனுக்கு மூலமாக அமைந்த மனிதனின் இளமைக் கால மோசடியோடும் தொடர்புபடுத்தப்படுகிறது.

இவ்வகைப் புதினத்தை வாசிப்போர் முதலில் எழுப்பும் வினா, அந்த ஆற்றல் மெய்யா பொய்யா என்பதாகும். அவ்வாற்றல் யாருடைய உடல் வழியாக, யாருடைய இசைவோடு இயங்குகிறது என்னும் மற்றொரு வினா அதன் நிழலில் மறைந்துவிடுகிறது. அவ்விரண்டாம் வினாவை முன்னிறுத்தி, பிரெஞ்சுப் புதினம் ஒன்றையும் சுஜாதாவின் இரு படைப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மலையும் புதையலும்

ஜுசெப்பே பால்சமோ 1743இல் பலெர்மோவில் பிறந்தவன். பின்னாளில் காலியோஸ்த்ரோ கோமகன் எனத் தன்னை அழைத்துக்கொண்டவன். 1764ஆம் ஆண்டளவில் மரானோ என்னும் பொற்கொல்லரிடம், பூதங்கள் காவல் காக்கும் புதையல் ஒன்று இருப்பதாகக் கூறி, சடங்குச் செலவுக்குப் பணம் பெற்றான் என அவனுடைய வாழ்க்கை வரலாறுகள் கூறும். புதையல் இருந்த இடம் பெல்லெக்ரினோ மலை என்பது ஒரு வழக்கு. தோண்டச் சென்ற இரவில் மரானோ அடித்து வீழ்த்தப்பட்டார். அடித்தவை பூதங்களே என அவர் நம்பியிருந்த வேளையில் பால்சமோ ஊரைவிட்டு அகன்றிருந்தான்.

இந்நிகழ்ச்சி தமிழ் வாசகருக்குப் புதியதன்று. புதையலைப் பூதம் காக்கும் என்பதும், மந்திரவாதி அதனை விலக்குவான் என்பதும் நம் நாட்டுப்புறக் கதைகளில் பரவலாக வழங்குவன. இதனினும் நெருங்கிய ஒப்புமை மை போட்டுப் பார்த்தலில் உள்ளது. களவுபோன பொருளைக் கண்டறிய அஞ்சனம் தடவி, அதனுள் தெரிவதைச் சிறுவர் வாயால் சொல்லவைக்கும் வழக்கம் இது. காலியோஸ்த்ரோவும் தன் சடங்குகளில் நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையைச் சிறுவர் சிறுமியரைப் பார்க்கச் செய்து, அவர்கள் வாயால் குறி சொல்ல வைத்தான். அக்குழந்தைகள் 'புறாக்கள்' எனப்பட்டனர். இரு வழக்கிலும் காண்பவர் ஒருவர். காட்சியால் புகழும் பொருளும் பெறுபவர் வேறொருவர்.

துமாவின் புதினம்

அலெக்சாந்தர் துமா எழுதிய 'ஜோசப் பால்சமோ' 1846 முதல் 1849 வரை 'லா பிரெஸ்' நாளிதழில் தொடராக வெளிவந்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மெஸ்மரின் காந்த வசியம் பாரிசில் பெரும் விவாதமாகியிருந்தது. 1784இல் பெஞ்சமின் பிராங்கிளின், லவாய்சியே முதலியோர் அடங்கிய அரச ஆணையம் சோதனைகள் நடத்தி, அவ்விளைவுகளுக்குக் காரணம் கற்பனையே என முடிவு கூறியது. அரசருக்கென அளிக்கப்பட்ட தனி அறிக்கையோ, வசியத்துக்கு உட்படும் பெண்களுக்கு நேரக்கூடிய தீங்கு குறித்து எச்சரித்தது. முதல் வினாவுக்கு விடை தேடிய அறிஞர்களே இரண்டாம் வினாவையும் கண்டிருந்தனர்.

துமாவின் பால்சமோவுக்கு ஆற்றல் மெய்யாகவே உண்டு. ஆனால் தொலைவில் நிகழ்வதைக் காண்பவள் அவன் மனைவி லொரென்சா. விழிப்பில் அவனை வெறுக்கும் அவள், அறிதுயிலில் அவனுக்கு அடங்கி அவன் கேட்பதைக் கண்டு சொல்கிறாள். ஆந்திரே என்னும் இளம்பெண்ணும் அவ்வாறே பயன்படுத்தப்பட்டு, துயிலிலேயே விடப்பட்ட நிலையில் கில்பர்ட்டின் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். இறுதியில் பால்சமோவின் ஆசான் அல்தோத்தாஸ், ஆயுள் நீட்டிக்கும் மருந்துக்குக் கன்னியின் குருதி வேண்டி லொரென்சாவைக் கொல்கிறான். புதையலுக்கு நரபலி கேட்கும் மந்திரவாதியை இங்குத் தமிழ் வாசகர் அடையாளம் காண்பர்.

வரலாற்றில் நிகழ்ந்தது வேறு. கணவனுக்கு எதிராக உரோமைச் சமய விசாரணையாளர்முன் வாக்குமூலம் அளித்தவள் லொரென்சா பெலிச்சியானி. 1791இல் அவனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1795இல் சான் லெயோ கோட்டையில் இறந்தான். அவளும் கன்னிமாடம் ஒன்றில் அடைக்கப்பட்டாள். வரலாற்றில் விழிப்போடு வாய்திறந்தவளைப் புதினம் துயிலில் பேசவைத்தது.

சுஜாதாவின் இரு தொடர்கள்

பொறியாளரான சுஜாதா, அறிவியல் விளக்கத்தையும் மீயியற்கை விளக்கத்தையும் எதிரெதிரே நிறுத்தினார். குமுதத்தில் வெளிவந்த 'கொலையுதிர் காலம்' தொடரில் தோன்றி மறையும் பெண்ணுருவம், கணேஷ், வசந்த் இருவரையும் வெவ்வேறு முடிவுகளை நோக்கி இழுக்கிறது. முப்பரிமாண ஒளிப்படம் என்னும் அறிவியல் விளக்கம் முன்வைக்கப்பட்ட பின்னும் ஐயம் முற்றிலும் அகல்வதில்லை. அச்சத்தின் வளையத்துக்குள் நிற்பவள், சொத்துக்கு உரியவளான லீனா.

ஆனந்த விகடனில் வெளிவந்த 'ஆ!' இன்னும் ஒரு படி செல்கிறது. ஒவ்வோர் அத்தியாயமும் 'ஆ' என்னும் ஒலியில் முடிகிறது. இளைஞன் ஒருவனின் தலைக்குள் பிறர் குரல்கள் ஒலிக்கின்றன. அது மனநோயா, முற்பிறவியின் தொடர்ச்சியா என்னும் கேள்வி தொடரை நடத்துகிறது. இங்குக் குரலை ஏற்பவனைத் துயிலில் ஆழ்த்தி ஏவும் பால்சமோ இல்லை. துன்புறுபவனே கதையின் நடுவில் நிற்கிறான். எனவே வாசகரின் பதற்றம், அடுத்து வெளிப்படும் மர்மத்தைப் பற்றியதாக மட்டும் நிற்காமல், இவன் மீள்வானா என்னும் கவலையாகவும் மாறுகிறது.

முடிவுரை

ஆழ்மன ஆற்றலைப் பேசும் மர்மப் புதினத்தின் விறுவிறுப்பு, இரு விளக்கங்களுக்கிடையே வாசகரை ஊசலாட வைப்பதில் பிறக்கிறது. அதன் தரமோ, அவ்வாற்றலுக்குக் கருவியாகும் மனிதரைப் புதினம் எங்கு நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தது. மை தடவிய கையைப் பார்க்கும் சிறுவன், குடுவையை நோக்கும் 'புறா', அறிதுயிலில் பேசும் லொரென்சா, குரல் கேட்டு அலறும் இளைஞன் ஆகிய நால்வரும் ஒரே இடத்தில் நிற்பவர்கள். தமிழ் வெகுசன இதழ்த் தொடர்களை ஆராய்வோர், மர்மம் எவ்வாறு அவிழ்ந்தது என்பதோடு, அவிழ்ந்தபின் இவர்கள் நிலை என்னவாயிற்று என்பதையும் கேட்டல் வேண்டும்.