செம்மறியாட்டின் அச்சவியல்பு: பிறப்பில் அமைந்ததா, தாயிடம் கற்றதா?

மனிதர் நெருங்கினால் மருண்டோடும் பெட்டையாட்டின் குட்டியும் பெரும்பாலும் மருண்டோடும் என்பதை மேய்ப்பர் அறிவர். ஆயினும் இவ்வொப்புமை மட்டுமே மரபுவழிப் பேற்றுக்குச் சான்றாகாது. தன் மரபணுக்களில் பாதியைக் குட்டிக்குத் தரும் தாயே அதனைப் பாலூட்டி வளர்க்கவும் செய்கிறது. தாய் வெருள்வதைக் கண்டு குட்டி அஞ்சக் கற்றிருக்கவும் கூடும். இவ்விரு காரணங்களையும் பிரித்தறிய முயன்ற ஆய்வொன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 1990 முதல் மெரினோ செம்மறிகள் அமைதி வழி, மருட்சி வழி என இரண்டாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யப்பட்டன. தேர்வுக்கு இரு சோதனைகள் அடிப்படையாயின. ஒன்றில், அடைப்பின் ஒரு முனையில் மந்தைத் தோழமை ஆடுகளும் அவற்றின் முன்னே ஒரு மனிதரும் நிற்பர். மந்தையை நாடும் விழைவும் மனிதரை விலகும் அச்சமும் ஆட்டினுள் ஒருங்கே எழும். மற்றொன்றில், மூடிய பெட்டிக்குள் தனித்து நிறுத்தப்பட்ட ஆட்டின் பதற்றத்தால் எழும் அதிர்வுகளைக் கருவி எண்ணாகப் பதிவு செய்யும்.

பிக்கல் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமைதி வழிக் குட்டிகள் சில மருட்சி வழிப் பெட்டைகளிடமும், மருட்சி வழிக் குட்டிகள் சில அமைதி வழிப் பெட்டைகளிடமும் மாற்றி வளர்க்கப்பட்டன. குட்டிகள் பிறந்து ஒரு வாரத்திலும் பால்குடி நிறுத்திய பின்னரும் சோதிக்கப்பட்டன. வளர்த்த தாயின் இயல்பை அன்றி, ஈன்ற வழியின் இயல்பையே அவை காட்டின. தாயைப் பார்த்துக் கற்றல் என்னும் விளக்கம் இங்கு வலுவிழக்கிறது.

ஆனால் ஓர் ஐயம் எஞ்சுகிறது. மாற்றுத்தாய் வளர்ப்பு ஈன்ற பின்னரே தொடங்குவது. கருப்பையில் தாயின் இயக்குநீர்கள் விளைக்கும் தாக்கத்தை அது மரபணுவிலிருந்து பிரிக்காது. பிரான்சில் மில்ஸ், போர் ஆகியோர் ஜப்பானியக் காடைகளில், பிடித்து மல்லாத்தியபின் அசைவற்றுக் கிடக்கும் நேரத்தைக் கொண்டு அச்சம் மிக்க வழியையும் குறைந்த வழியையும் உருவாக்கினர். பொரிப்பானில் பொரித்து வளர்க்கும் காடைக்குத் தாய் வளர்ப்பு என்பதே இல்லை. எனினும் முட்டையின் மஞ்சள் கருவிலும் தாயின் இயக்குநீர்கள் உள்ளமையால், அங்கும் இவ்வையம் முற்றும் நீங்குவதில்லை.

இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. மேற்கு ஆஸ்திரேலிய மந்தையிலேயே அமைதி வழிப் பெட்டைகளின் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன என முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. எனவே கிடாவைத் தேர்வோருக்குப் பெட்டிச் சோதனையின் எண் கவர்ச்சியானது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும் என்பது என் கருத்து. அக்கருவி அளப்பது அசைவை, அச்சத்தையன்று. பேரச்சத்தில் உறைந்து நிற்கும் ஆடும் அதில் அமைதியானதாகவே பதிவாகக்கூடும். காடையில் அசையாமையே அச்சத்தின் அளவுகோலாகக் கொள்ளப்படுவதை இதனுடன் ஒப்பிட்டுக் காண்க.