காட்டுப்பன்றி நிவாரணமும் அதற்கு வேண்டிய அத்தாட்சியும்

புதியம்புத்தூர் தொடங்கி எட்டயபுரம், விளாத்திகுளம் வரையில் பரந்து கிடக்கும் கரிசல் பூமியில், புரட்டாசி ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் சம்சாரிகளுக்குக் காட்டுப்பன்றியால் நேரும் நஷ்டம் அற்பமானதன்று. மக்காச்சோளம் பால்பிடிக்கும் தருணத்தில் ஒரு கூட்டம் புகுந்தால், அது தின்பது கொஞ்சம். முறித்துச் சாய்ப்பது அதிகம். நிலக்கடலையை வேரோடு கிளறிவிடும். மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு மட்டுமே இத்தொல்லை உண்டென்று எண்ணுவது சரியன்று. ஓடைகளிலும் கண்மாய்களிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல் புதர்களே இங்கு பன்றிகளுக்குப் பகற்பொழுதின் உறைவிடமாகும்.

இத்தொல்லைக்கு நிவாரணம் தேடுவது நியாயமே. ஆயின், பன்றி செத்துக் கிடப்பது வேறு. அது சட்டப்படி கொல்லப்பட்டது என்று ருசுப்படுத்துவது வேறு. இந்தப் பேதத்தை அறியாத சம்சாரி, பயிரையும் இழந்து கோர்ட்டுக்கும் அலைய நேரிடும்.

சட்டம் கூறுவது

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பது கொல்லுவதை மட்டும் குறிப்பதன்று. கண்ணி வைத்தல், பொறி வைத்துப் பிடித்தல், விஷமிடுதல், காயப்படுத்துதல் ஆகியவையும், இவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. 2022ஆம் வருஷத்தில் இச்சட்டம் திருத்தப்பட்ட பின்னர் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. இத்தகைய விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ அபாயம் விளைவிக்குமானால், 11ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ காரணத்தைக் குறித்து எழுத்து மூலம் அனுமதி வழங்கலாம். வாய்மொழி அனுமதிக்கு இதில் இடமில்லை.

அனுமதியின்படி கொல்லப்பட்டாலும், அனுமதியின்றிக் கொல்லப்பட்டாலும், அவ்விலங்கின் உடல் சர்க்கார் சொத்தே என்று 39ஆம் பிரிவு விதிக்கிறது. அத்தகைய உடல் எவ்வகையிலேனும் ஒருவர் கைக்கு வருமாயின், அவர் 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலாவது உரிய அதிகாரியிடமாவது தெரிவித்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 57ஆம் பிரிவு. ஒருவர் வசம் வனவிலங்கின் இறைச்சி இருந்தது என்று நிரூபணமானால், அது சட்ட விரோதமாக வைக்கப்பட்டதென்றே கொள்ளப்படும். அவ்வாறன்று என்று மெய்ப்பிக்கும் பாரம், வைத்திருந்தவரையே சாரும். “பக்கத்து ஊரில் சுட்டது, பங்காகக் கொடுத்தார்கள்” என்னும் சமாதானம் காகிதமின்றி நில்லாது. காட்டுப்பன்றியைப் பற்றிய குற்றத்திற்கு மூன்று வருஷம் வரை சிறைவாசமோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மூன்று வட்டங்கள்

2025ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் செய்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு நிலங்கள் மூன்றாக வகுக்கப்பட்டன. ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட இடத்தில் பன்றியைக் கொல்ல அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதனையும் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்களே செய்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர் ஆகியோர் அடங்கிய கிராமக் குழுவின் மூலம் இதற்கான கோரிக்கை செல்லும்.

கரிசல் காட்டுப் புஞ்சைகளில் பெரும்பாலானவை காப்புக்காட்டிற்கு வெகு தூரத்தில் உள்ளவை. எனினும் வல்லநாட்டு மலை, குருமலை ஆகியவற்றை அடுத்த கிராமங்களில் அடுத்தடுத்த இரு புஞ்சைகளே வெவ்வேறு வட்டத்தில் அமையக்கூடும். பன்றியோ வட்டம் அறியாது; ஒரே இரவில் மூன்றையும் கடந்துவிடும். ஆகவே தம் நிலம் எவ்வட்டத்தைச் சேர்ந்தது என்பதைச் சர்வே எண்ணைக் காட்டி வனச்சரக அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்து அறிதல் நலம். பன்றி விழுந்தபின் தூரத்தை அளப்பது வழக்கிற்குத்தான் வழி.

பிற தேசத்து முறை

கனடா தேசத்தில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாட லைசென்ஸ் உண்டு. அங்கும் காடுகள் பல நிர்வாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு பகுதிக்கு என்று குறித்து வழங்கிய சீட்டு மற்றொரு பகுதியில் செல்லாது. மானை வீழ்த்தியவர் அச்சீட்டில் உரிய குறிப்புச் செய்து, இறைச்சியைக் கொண்டுபோகும்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறினும், அத்தாட்சி முன்னே, விலங்கு பின்னே என்னும் தத்துவம் ஒன்றே.

அண்டை ராஜ்யமான கேரளத்தில் 2022ஆம் வருஷம் முதல், உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின் பேரில் லைசென்ஸ் துப்பாக்கி உடையவர்கள் பன்றியைச் சுட ஏற்பாடு செய்யப்பட்டது. அதனைக் கேள்வியுற்று இங்கும் அவ்வாறே செய்யலாம் என்று கருதுவது ஆபத்தாகும்.

செய்ய வேண்டுவன

1. சேதம் கண்ட அன்றே புகைப்படம் எடுத்து, தேதியையும் சர்வே எண்ணையும் குறித்து வைக்கவும்.

2. அடங்கல் நகலுடன் கிராமக் குழுவுக்கு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு ரசீது வாங்கவும். பயிர்ச்சேதத்திற்கு நஷ்டஈடு கோரவும் இக்காகிதங்களே உதவும்.

3. புஞ்சையில் பன்றி செத்துக் கிடக்கக் கண்டால், அது யார் செயலாயினும், தொடாமலும் நகர்த்தாமலும் வனத்துறைக்கு உடனே அறிவிக்கவும். வரப்பு மாற்றிப் போடுவதும் இரகசியமாகப் புதைப்பதும் நிரபராதியையும் சந்தேகத்திற்கு உள்ளாக்கும்.

4. அவுட்டுக்காய், கண்ணி, மின்கம்பியிலிருந்து நேரே இழுத்த வேலி ஆகியவற்றை அறவே விலக்கவும். இவை ஆட்டையும் மாட்டையும், இரவில் வரப்பில் நடக்கும் மனிதரையும் கொல்ல வல்லவை.

5. வெளிமானைப் பன்றியோடு ஒன்றாகக் கருதலாகாது. 1987ஆம் வருஷத்தில் வல்லநாட்டில் 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயம் அமைந்ததே அதன் பொருட்டு. அது முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அதனைக் கொன்றால் குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஏழு வருஷம் சிறைவாசம்.

ஓடையோரத்துச் சீமைக்கருவேலை ஊரார் ஒன்றுகூடி, உரிய அனுமதியுடன் அகற்றுவது பன்றியின் உறைவிடத்தையே குறைக்கும். அதற்கும் மேற்பட்டு நிவாரணம் தேவையெனில், ஒரு முழத்தாளில் எழுதிய மனுவும் அதற்குரிய ரசீதும் துப்பாக்கியைவிடச் சம்சாரிக்கு உறுதியான துணையாகும். பயிர் பால்பிடிக்கும்வரை காத்திராமல், விதைப்பு முடிந்த கையோடு கிராமக் குழுவை அணுகுவோர் பயிரையும் காத்து, வழக்கிலும் சிக்காதிருப்பர்.