ஆசானும் பயிற்றுநரும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியாகிய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் 'ஆசான்' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. எழுத்தறிவித்தவரையும் ஆசான் என்பர்; எனினும் சிற்றூர்களில் அச்சொல் சிறப்பாகக் குறிப்பது அடிமுறை பயிற்றுபவரையே. கம்பு சுழற்றக் கற்பிப்பவர் அவர். சுளுக்குக்கு எண்ணெய் இட்டுத் தடவுபவரும், பிசகிய எலும்பைப் பொருத்திக் கட்டுபவரும் அவரே. உடலைத் தாக்கும் வழி அறிந்தவன் அதனைத் தேற்றும் வழியும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கு.

இந்த ஆசான் தம் மாணாக்கனை எங்ஙனம் பயிற்றுகிறார்? மலையாள நாட்டின் வடபகுதியில் வழங்கும் களரியோடு ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும். வடக்கன் களரி நிலத்தைப் பள்ளமாகத் தோண்டி, மேலே கூரை வேய்ந்து அமைக்கப்படுவது. நீளம் 42 அடி, அகலம் 21 அடி என்பது பெருவழக்கு. அங்கே மாணவர்கள் வரிசையாக நிற்பர். குருக்கள் 'வாய்த்தாரி' எனப்படும் கட்டளைத் தொடர்களை உரக்கச் சொல்வார். அச்சொல்லின் ஓட்டத்துக்கு ஏற்ப அத்தனை உடல்களும் ஒருங்கே வளையும், தாவும், தாழும். முதலில் மெய்ப்பயிற்சி, பின்னர்க் கோல், அதன்பின் வாளும் கேடயமும், வெறுங்கைப் போர் இறுதியிலேதான்.

தெற்கே இவ்வரிசை தலைகீழாகிறது. வெறுங்கையே தொடக்கம். பயிலுமிடம் பெரும்பாலும் தென்னந்தோப்பின் நடுவே உள்ள திறந்தவெளிதான். ஆசானும் மாணாக்கனும் நேருக்கு நேர் நிற்பர். 'ஒற்றைச் சுவடு' என்னும் கால்வைப்பிலிருந்து பாடம் தொடங்கும். திங்கள் பல சென்றும் மாணாக்கன் அதனையே மிதித்துக்கொண்டிருப்பான். "அடுத்த சுவடு எப்போது, ஆசானே?" என்று பொறுமையிழந்து கேட்டால், "மக்களே, இந்தக் கால் இன்னும் தரையிலே நிற்கவில்லையே!" என்பதே விடையாக வரும். வாய்த்தாரியின் முழக்கம் இங்கில்லை. ஆசானுடைய கை எங்கிருந்து வருகிறது என்று கண்டுணர்வதே பாடம். பிழை செய்தவனுக்கு அப்பிழையை அறிவிப்பது, மேலே விழும் அடிதான்!

பயிற்றும் முறையில் இத்தகைய வேறுபாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கூடைப்பந்தாட்டத்தை நோக்குவோம். 1891 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆடுவதற்காக வகுத்த ஆட்டம் அது. ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் வழியாக அது உலகெங்கும் பரவியது. அச்சங்கத்தின் சார்பில் ஹாரி குரோ பக் என்பவர் 1920 இல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்; இன்று நந்தனத்தில் உள்ள கல்லூரி அதுவே.

அமெரிக்காவில் இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட அணிகளின் பயிற்றுநர்கள் பெரும்புகழ் பெற்றவர்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை 1950 முதல் 1966 வரை நடத்திய ரெட் ஆவர்பாக் ஒன்பது முறை வாகை சூடினார். உரத்த குரலும் கடுஞ்சொல்லும் அவருக்கு இயல்பு. ஆயினும் யாரைக் கடிவது, யாரை விடுவது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். டாம் ஹெய்ன்சன் என்பவரைப் பலர் முன்னிலையில் கண்டிப்பார். அணியின் தூணாகிய பில் ரசலிடம் அவ்வாறு நடவார். அந்த ரசலையே 1966 இல் தமக்குப் பின் பயிற்றுநராக்கினார். அக்கூட்டமைப்பில் கறுப்பினத்தவர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதன்முறை.

பதினொரு முறை வாகை சூடிய ஃபில் ஜாக்சன் வேறு வகையினர். வீரர்களோடு அமைதியாக அமர்ந்து தியானம் பழகுவார். ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூலைத் தேர்ந்து கையில் கொடுப்பார். அணி தடுமாறும்போது பிற பயிற்றுநர்கள் உடனே ஆட்டத்தை நிறுத்தி அறிவுரை கூறுவர். இவரோ, 'அவர்களே வழி காணட்டும்' என்று வாளாவிருப்பார். தென்னந்தோப்பில் நிற்கும் நம் ஆசானுக்கு இவர் நெருங்கிய உறவினர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கூடைப்பந்தில் தவறினால் இழப்பது இரண்டு புள்ளிகள். அடிமுறையில் தவறினால் உயிருக்கே ஊறு நேரலாம். உடலில் 108 வர்மங்கள் உள என்றும், அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்றும் ஆசான்கள் வகுப்பர். அவ்விடங்களை அறியத் தருமுன் மாணாக்கனின் சினத்தை அளந்து பார்ப்பர். பன்னிரண்டு ஆண்டு உடனிருந்தவனுக்கே இறுதிப் பாடம் என்றும் சொல்வதுண்டு. சினம் அடங்காதவனுக்கு அப்பாடம் கிட்டுவதே இல்லை.

இம்மறைப்பு தேவையானதே. எனினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. தாக்கும் வழியோடு, தாக்குண்டவனை மீட்கும் இளக்குமுறையும் சேர்ந்தே மறைக்கப்பட்டது. ஏடுகளில் உள்ள பாடல்களோ ஆசான் விளக்கினாலன்றிப் பொருள் விளங்காதவை. தக்க மாணாக்கன் வாய்க்காமல் ஆசான் மறைந்தால், ஏடு வீட்டுப் பரணில் கிடக்கும். பின்னர் அது செல்லுக்கு இரையாகும். கொல்லும் முறையை மறைத்ததற்காக எவரும் வருந்த வேண்டுவதில்லை; குணமாக்கும் முறையையும் உடன் மறைத்தது பிழை என்றே கூறுவேன்.

இப்போது நிலை மாறி வருகிறது. 2020 இறுதியில் நடுவண் அரசு களரிப்பயிற்றைக் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சேர்த்தது. போட்டி என்றால் நடுவரும் புள்ளியும் கால அளவும் வேண்டும். ஒரே முறையில் பலரைப் பயிற்றவும் வேண்டும். வரிசையில் நிறுத்திப் பயிற்றும் வடக்கன் முறைக்கு இது எளிது. ஒருவனை எதிரே நிறுத்தி, அவன் கால் தரையில் ஊன்றும்வரை காத்திருக்கும் தெற்கத்தி ஆசானுக்கு இது புதிய சோதனை. சுவடுகளுக்குப் புள்ளி இடலாம். மாணாக்கனின் சினம் அடங்கிவிட்டதா என்பதை எந்த நடுவர் அளப்பார்? அதனை இன்றும் தோப்பில் நிற்கும் ஆசான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.