ஜெபவீட்டில் பிறந்த பித்தளைச் சத்தம்

"மாமா, இது ஆராதனைக்கு ஏற்ற வாத்தியம் இல்லையாம்." ட்ராம்போன் பெட்டியை மூடியபடியே அக்காவின் மகன் சொன்னான். எங்கள் ஊர் இளையோர் பாண்டில் மூன்று வருடமாக வாசிக்கிறவன். சபையில் வாசிக்கலாமா என்று கேட்டதற்குப் பெரியவர் ஒருவர் சொன்ன பதில் அது. நான் வாதாடப் போகவில்லை. ஒரு இசைத்தட்டைப் போட்டேன்.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த 'டர்ட்டி டசன் பிராஸ் பாண்ட்', 1985 கோடையில் நம் சுவிஸ் நாட்டின் மொன்த்ரோ ஜாஸ் விழா மேடையில் வாசித்த நேரடிப் பதிவு. பெயரைக் கேட்டு அம்மாமார் முகம் சுளிக்க வேண்டாம். இவர்களுடைய கதை ஒரு பாப்டிஸ்ட் சபையில் தொடங்குகிறது.

அந்த நகரில் பித்தளைப் பாண்டு அடக்க ஆராதனையோடு சேர்ந்தது. கல்லறைக்குப் போகும்போது மெதுவான கீர்த்தனை. திரும்பி வரும்போது துள்ளல். ஆனால் 1970 அளவில் வாசிப்பவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அப்போது ஃபேர்வியூ பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஆண்ட்ரூ டார்பி, பல வருடம் நியூயோர்க்கில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த டேனி பார்க்கரிடம், சபைப் பிள்ளைகளுக்கு ஒரு பாண்டு அமைத்துத் தரும்படி கேட்டார். பிற்பாடு உலகப் புகழ்பெற்ற விண்டன் மார்சாலிஸ் அதில் வாசித்தபோது அவருக்கு 8 வயது! அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அமைத்த பாண்டுகளின் வழியில்தான் 1977இல் டர்ட்டி டசன் உருவானது.

இனிப் பதிவுக்கு வருவோம். கிற்றார் இல்லை, கீபோர்டு இல்லை. ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன், மேளங்கள், உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய சூசாஃபோன். அவ்வளவுதான். 'பிளாக்பேர்ட் ஸ்பெஷல்' பாட்டில் கேர்க் ஜோசப்பின் சூசாஃபோனை மட்டும் காதால் பின்தொடருங்கள். பேஸ் கிற்றார் செய்யவேண்டிய வேலையை மூச்சாலேயே செய்கிறார். ஒரே சிறு மெட்டு திரும்பத் திரும்ப வர, மேலே மற்றக் குழல்கள் ஒன்றையொன்று வம்புக்கு இழுக்கின்றன. பிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் இசையைக்கூட விட்டுவைக்கவில்லை. மருமகன் அந்த இடத்தில்தான் முதன்முறை சிரித்தான்.

கைதட்டிப் பாருங்கள். நாம் சபையில் பெரும்பாலும் ஒன்று, மூன்று என்ற அடிகளில் தட்டுவோம். இங்கே இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அம்மாவுக்கு உடனே வந்துவிட்டது; எப்படியென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பழைமையை விரும்பிய சிலருக்கு இவர்களுடைய வேகமும் பாட்டுத் தெரிவும் பிடிக்கவில்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடக்கத்தில் மெதுவாக நடக்கும் இடத்தை அவசரப்படுத்தக் கூடாது என்பது என் எண்ணமும். ஆனால் இளையவர்கள் கையில் கொடுத்திராவிட்டால் அந்த வாத்தியங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவரை வீட்டுக்கு அழைத்து, முதலில் டார்பி போதகரின் கதையைச் சொல்லி, பிறகு பதிவைக் கேட்க வைத்தோம். "சத்தம் கொஞ்சம் கூட" என்றார். தேநீர் முடிந்தபின், "தம்பி, 'இயேசு ராஜா' ஏதாவது வாசிப்பீரோ, மெதுவாக?" என்று கேட்டார்.

அவன் ஏற்கெனவே பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.